சாஜிட்டல் தையல் மூடிய 10 வாரக் குழந்தை: எண்டோஸ்கோப் முறையா, திறந்த அறுவையா?

கவின் அம்மா:

வணக்கம். என் மகனுக்கு இப்போது 10 வாரம். பிறந்தபோதே தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருந்தது. பிரசவத்தில் அழுந்தியிருக்கும், சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. உச்சந்தலையில் முன்னிருந்து பின்னாக விரலை ஓட்டினால் ஒரு மேடு தட்டுப்படுகிறது. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, "சாஜிட்டல் தையல், அதாவது உச்சியில் மண்டை எலும்புகள் சேரும் இடைவெளி, மூடியிருப்பது போலத் தெரிகிறது, கிரேனியோசினோஸ்டோசிஸ் என்போம், ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று சொல்லி, குழந்தைகளுக்கான நியூரோ சர்ஜனிடம் அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட்.

பையன் நன்றாகப் பால் குடிக்கிறான், முகம் பார்த்துச் சிரிக்கிறான். தலைச் சுற்றளவும் சரியாகவே இருக்கிறதாம். வீட்டுப் பெரியவர்கள் "முடி வளர்ந்தால் தெரியாது, இதுக்குப் போய் மண்டையைத் திறப்பாங்களா" என்கிறார்கள். கணவர் இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். எனக்குத் தூக்கமே வருவதில்லை.

இன்னொரு சந்தேகம். உச்சிக்குழி திறந்துதான் இருக்கிறது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. அப்படியிருக்கத் தையல் மூடிவிட்டது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதைக் கடந்து வந்த பெற்றோர், விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தென்றல்:

அக்கா, முதலில் ஒன்று. அந்த அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப் போடாதீர்கள். முடிந்தால் இன்னும் முன்னதாகவே வாங்குங்கள். என் மகனுக்கும் இதே சாஜிட்டல்தான். 3 மாதம் முடிவதற்குள் எண்டோஸ்கோப் முறையில், அதாவது சின்னக் கீறல் வழியாகக் கேமரா விட்டுச் செய்தோம். அந்த முறைக்கு வயது வரம்பு உண்டு. 3, 4 மாதத்துக்குள் வரும் குழந்தைகளுக்குத்தான் நன்றாகக் கைகொடுக்கும் என்பார்கள். 6 மாதம் தாண்டினால் பொதுவாக அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கிறோம் என்பதே ஒரு முடிவு எடுத்த மாதிரிதான். அதற்கப்புறம் செய்ய வேண்டி வந்தால் பெரிய ஆபரேஷன்தான் இருக்கும்.

போய்ப் பார்ப்பதால் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டதாக ஆகாது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

சிறார் நியூரோ:

குழந்தைகள் நரம்பியல் அறுவைப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் மகனைப் பார்க்காமல் அவனுக்கு இன்னது செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பொதுவான பதில் உண்டு.

குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே தையல்கள் என்கிற இடைவெளிகள். மூளை முதல் வருடத்தில் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அது உள்ளிருந்து தள்ளத் தள்ள, தையல் ஓரங்களில் புது எலும்பு சேர்ந்து மண்டை விரிகிறது. ஒரு தையல் முன்னதாகவே எலும்பாக இறுகிவிட்டால், அந்தத் தையலுக்குக் குறுக்கே வளர்ச்சி நின்றுவிடும். மூளையோ வளர்வதை நிறுத்தாது, திறந்திருக்கும் மற்ற தையல்கள் வழியாக இடம் தேடிக்கொள்ளும். 1851ல் ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோவ் இந்த விதியை எழுதி வைத்தார், இன்றும் நாங்கள் தலையைப் பார்த்ததும் மனதில் போடும் கணக்கு அதுதான். சாஜிட்டல் தையல் உச்சியில் முன்பின்னாக ஓடுகிறது. அது மூடினால் அகலம் நின்று நீளம் கூடும். படகைக் கவிழ்த்த வடிவம் என்று பாடப்புத்தகத்தில் வரும்.

அதனால்தான் தலைச் சுற்றளவு உங்களுக்கு ஆறுதல் தரக்கூடாது. சாஜிட்டல் மூடிய குழந்தைகளில் சுற்றளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சில சமயம் கூடுதலாகவும் இருக்கும். அகலத்தையும் நீளத்தையும் தனித்தனியாக அளந்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

உச்சிக்குழி பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். அது தையல்கள் சந்திக்கும் முனை. தையல் நடுவில் எங்காவது இறுகிப்போய், உச்சிக்குழி திறந்தே இருக்கலாம். மறுபக்கம், உச்சிக்குழி சீக்கிரம் மூடிய குழந்தைக்குத் தையல்கள் எல்லாம் நன்றாகத் திறந்திருக்கலாம். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

எத்தனை பேருக்கு வரும் என்றால், சுமார் 2000 முதல் 2500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதோ ஒரு தையல் இப்படி மூடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி சாஜிட்டல், அதிலும் ஆண் குழந்தைகளே அதிகம். பெரும்பாலும் தனியாக வருவது, பரம்பரை நோயின் பகுதியாக அல்ல. கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்த எதுவும் காரணமாக இருக்கும் என்று தேடி அலைய வேண்டாம்.

அடுத்த வாரம் மருத்துவர் கையாலும் கண்ணாலுமே பெரும்பாலும் முடிவு சொல்லிவிடுவார். சிடி ஸ்கேன் கேட்டால், குறைந்த கதிர்வீச்சு அளவில் எடுக்கிறார்களா, எதற்காக எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் இந்த வயதில் அல்ட்ராசவுண்டிலேயே தையலைப் பார்த்துவிடுவார்கள்.

பொன்னி:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பேத்திக்கு 4 மாதம். பின்தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. இந்த இழையைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அவளுக்கும் இதுதானா?

சிறார் நியூரோ:

அம்மா, பெரும்பாலும் இல்லை. மல்லாக்கப் படுக்கவைப்பதால் வரும் தட்டையே மிக மிக அதிகம். திடீர் குழந்தை மரணத்தைத் தடுக்க 1990களில் குழந்தைகளை மல்லாக்கவே தூங்க வைக்கச் சொன்ன பிறகு இது கூடியது. அந்த அறிவுரை பல உயிர்களைக் காத்தது, அதை மாற்றாதீர்கள்.

மேலிருந்து தலையைப் பாருங்கள். படுத்ததால் வந்த தட்டை என்றால், தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் தள்ளியிருக்கும், தலை இணைகரம் போலத் தெரியும். பின்தலையில் இருக்கும் லாம்ப்டாய்டு தையல் மூடியிருந்தால் காது பின்னோக்கியும் கீழாகவும் இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். அது மிக அரிது. பிறந்தபோது தலை உருண்டையாக இருந்து பிறகு தட்டையானதா என்பதும் முக்கியம், தையல் மூடியது பெரும்பாலும் பிறக்கும்போதே தெரியும்.

விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் கண்முன் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். கழுத்தை ஒரே பக்கம் திருப்புகிறாளா பாருங்கள், அப்படியானால் பிசியோதெரபி வேண்டும். தலை வடிவத்தைத் திருத்தப் போடும் ஹெல்மெட்டுக்கு அவசரப்படாதீர்கள். 2014ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், படுத்ததால் வந்த தட்டைக்கு ஹெல்மெட் போட்ட குழந்தைகளும் போடாத குழந்தைகளும் 2 வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தார்கள். எதற்கும் குழந்தை மருத்துவர் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கட்டும்.

இளமாறன்:

தென்றல் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டும், சரி. ஆனால் "அதற்கப்புறம் பெரிய ஆபரேஷன்தான்" என்று எழுதினால் திறந்த அறுவை ஏதோ தோற்றவர்களுக்குக் கிடைப்பது போல ஆகிவிடுகிறது. என் மகளுக்கு மெட்டோபிக், அதாவது நெற்றி நடுவில் ஓடும் தையல். நெற்றி கூராக முக்கோணம் போல, கண்கள் நெருங்கி இருந்தன. எங்கள் மருத்துவக் குழு 9, 10 மாத வாக்கில் நெற்றி எலும்பையும் கண்குழி மேல்விளிம்பையும் எடுத்து, வடிவம் திருத்தி, முன்னால் நகர்த்தி வைத்தார்கள். முன்கூட்டிச் செய்தால் எலும்பு மெல்லியதாக இருக்கும், வைத்த வடிவத்தில் நிற்காது என்று விளக்கினார்கள்.

காதிலிருந்து காது வரை நெளிநெளியாக ஒரு கீறல். நேர்கோடாக வெட்டினால் தலைமுடி நனைந்து பிரியும்போது தழும்பு பளிச்சென்று தெரியும், நெளிவாக இருந்தால் முடி அதை மூடிக்கொள்ளும். எலும்பைப் பிடித்து வைத்த தகடுகள் கரையும் வகை. வளரும் மண்டையில் உலோகத் தகடு வைத்தால் காலப்போக்கில் அது உள்பக்கம் நகர்ந்துவிடும் என்பதால் இப்போது கரைவதையே வைக்கிறார்கள்.

ஒன்றை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இந்த அறுவைக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் நாளில் முகம் வீங்கி, இரண்டு கண்ணும் முழுதாக மூடிக்கொள்ளும். குழந்தைக்குக் கண் தெரியாது. பயந்து அழுவாள். அது வலி மட்டும் அல்ல, நீங்கள் எங்கே என்று தெரியாத பயம். தொட்டுக்கொண்டே இருங்கள், பேசிக்கொண்டே இருங்கள், பழகிய துணி ஒன்றைக் கையில் கொடுங்கள். பிறகு ஒரு கண் கீற்றாகத் திறக்கும், அதற்கப்புறம் மளமளவென்று வற்றிவிடும். அந்த நாட்களுக்கு மனதைத் தயார் செய்துகொண்டால் தாங்க முடியும்.

மெட்டோபிக் பற்றி இன்னொன்று. அந்தத் தையல் மட்டும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் 3 முதல் 9 மாதத்துக்குள் இயல்பாகவே மூடும். மூடும்போது நெற்றியில் சின்ன மேடு வரும். மேடு மட்டும் இருந்து, நெற்றி முக்கோணமாக இல்லை என்றால் அதற்கு ஆபரேஷன் தேவையில்லை. எங்கள் வார்டில் அப்படி வந்து நிம்மதியாகத் திரும்பிப் போன குடும்பத்தைப் பார்த்தோம்.

தென்றல்:

இளமாறன் அண்ணா சொல்வது நியாயம். நான் சொன்னது சாஜிட்டலுக்கு. மெட்டோபிக், கொரோனல் (தலையின் முன்பகுதியில் காதுப் பக்கமிருந்து காதுப் பக்கம் குறுக்கே ஓடும் தையல்) இரண்டுக்கும் பல இடங்களில் திறந்த முறைதான் முதல் தேர்வு, சில இடங்களில் அவற்றுக்கும் எண்டோஸ்கோப் செய்கிறார்கள். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டும் கையில் இருக்கும்போது தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். தாமதமாகப் போனதால் வேறு வழியில்லாமல் போனதாக இருக்கக்கூடாது.

கவின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்கும் ஒரே கேள்வி: இது அழகுக்காகவா, மூளைக்காகவா? அழகுக்காக என்றால் அவனே பெரியவனாகி முடிவு செய்யட்டும் என்கிறார். இரண்டாவது, இவ்வளவு சின்ன உடம்பில் ரத்தம் எவ்வளவு போகும்? மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா?

சிறார் நியூரோ:

உங்கள் கணவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

ஒரே தையல் மூடிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை அழுத்தம் கூடுவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கூடுகிறது, சில ஆய்வுகளில் அதைவிடச் சற்று அதிகம். இரண்டு மூன்று தையல்கள் மூடியிருந்தால் ஆபத்து பல மடங்கு. சிக்கல் என்னவென்றால், யாருக்குக் கூடும் என்று 10 வாரத்தில் தலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சைக் குழந்தை தலைவலிக்கிறது என்று சொல்லாது. கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வீங்கியிருந்தால் அழுத்தம் இருப்பது ஏறக்குறைய உறுதி. வீக்கம் இல்லை என்பதால் சின்னக் குழந்தைக்கு அழுத்தம் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

பேச்சு, கவனம், படிப்பு இவற்றில் இந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சிறு பின்தங்கல்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பான அளவில்தான் இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால் என் பதில்: இரண்டுக்காகவும். மண்டைக்கு வளர இடம் கொடுப்பது ஒன்று. தலை வடிவம் இன்னொன்று, அதையும் "வெறும் அழகு" என்று நான் ஒதுக்க மாட்டேன். தலை வடிவம் தானாகத் திரும்பாது. மிக லேசான வடிவம் என்றால் கண் பரிசோதனையோடு கண்காணித்து வருவதும் மரியாதையான முடிவே, சில குடும்பங்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் "பெரியவனாகி முடிவு செய்யட்டும்" என்பதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. முதல் வருடத்தில் மூளை உறைக்கு எலும்பை மீண்டும் உருவாக்கும் சக்தி அபாரம். எடுத்த இடத்தில் புது எலும்பு நிரம்பிவிடும். 2 வயதுக்குப் பிறகு அந்த சக்தி குறைந்துவிடும். எலும்பு தடித்துவிடும், இடைவெளி நிரம்பாது, பெரியவர் ஆன பிறகு அதே வேலை வேறொரு பெரிய வேலையாகிவிடும். கை கட்டிக் காத்திருந்தால் தேர்வு அவன் கைக்குப் போகாது.

மயக்கவியல் வாசகி:

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதே என் வேலை. ரத்தக் கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த அறுவையில் எங்கள் கண் முழுக்க அதன் மேல்தான் இருக்கும்.

குழந்தையின் உடம்பில் எடை கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். 6 கிலோ குழந்தை என்றால் 480 மில்லி. பெரியவர் 100 மில்லி இழந்தால் கவனிக்கவே மாட்டோம், இந்தக் குழந்தைக்கு அது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உச்சந்தலைத் தோலில் ரத்த ஓட்டம் அதிகம், எலும்பிலிருந்தும் கசியும், சாஜிட்டல் தையலுக்கு நேர் கீழே மூளையின் பெரிய சிரை ஓடுகிறது. அதனால் திறந்த அறுவையில் ரத்தம் ஏற்றுவது வழக்கமான விஷயம், ஏதோ விபரீதம் நடந்துவிட்டதன் அடையாளம் அல்ல. எண்டோஸ்கோப் முறையில் இழப்பு குறைவு, பல குழந்தைகளுக்கு ஏற்றவே வேண்டியிருக்காது. இரண்டு முறையிலும் ரத்தம் பொருத்தம் பார்த்துக் கையில் தயாராக வைத்திருப்போம். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இழப்பைக் கணிசமாகக் குறைக்கிறது, அதைக் கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். 8 முதல் 12 வார வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹீமோகுளோபின் இயல்பாகவே அடிமட்டத்துக்கு இறங்கும். உங்கள் மகன் இப்போது சரியாக அந்த இடத்தில் இருக்கிறான். எண் குறைவாக வந்தால் பதறாதீர்கள், ஆனால் அறுவைக்கு முன் அதைப் பார்த்து, இரும்புச்சத்து தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

மயக்க மருந்தும் மூளையும்: ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கம் குழந்தைகளின் பிற்கால அறிவு வளர்ச்சியைப் பாதிக்கவில்லை என்று பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வு 2019ல் 5 வயது முடிவுகளோடு வந்தது. 3 வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ கொடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் எச்சரித்தது. எண்டோஸ்கோப் அறுவை ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை, திறந்த முறை பல மணி நேரம். இதையும் எடைபோடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவசியமான அறுவையை மயக்க மருந்துக்குப் பயந்து விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடைசியாக, ஆபரேஷனுக்கு முன் சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் கோபப்படாதீர்கள். பெரும்பாலான இடங்களில் தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும் பவுடர் பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள், அந்த நேரத்தைக் கறாராகப் பின்பற்றுங்கள்.

முகிலன்:

இந்த இழையைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக எழுதுகிறேன். என் மகனுக்கு ஏபெர்ட் சிண்ட்ரோம். இரண்டு பக்கக் கொரோனல் தையலும் மூடி, கை கால் விரல்கள் ஒட்டிப் பிறந்தான். எங்களுக்கு எண்டோஸ்கோப்பா திறந்ததா என்ற ஒற்றைக் கேள்வி இருந்ததே இல்லை. முதலில் பின்தலையை விரித்து மூளைக்கு இடம். அப்புறம் விரல்கள். மூச்சு, தூக்கம், காது, கண் என ஒவ்வொன்றுக்கும் தனி மருத்துவர். முகத்தின் நடுப்பகுதியை முன்னால் கொண்டு வரும் அறுவை வளர்ந்த பிறகு இருக்கிறது.

பின்தலையை விரித்த விதம் எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. எலும்பை வெட்டிவிட்டு, திருகு வைத்த கருவிகளைப் பொருத்தி, வீட்டிலேயே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகச் சொன்னார்கள். இடைவெளி மெதுவாக விரிய, நடுவில் எலும்பு நிரம்பியது. முதல் முறை கை நடுங்கியது, பிறகு பல் துலக்கிவிடுவது போல வழக்கமாகிவிட்டது.

கொரோனல் மூடியிருந்தால், ஒரு பக்கம் மட்டும் என்றாலும், மரபணுப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். எஃப்ஜிஎஃப்ஆர் 2, எஃப்ஜிஎஃப்ஆர் 3, ட்விஸ்ட் 1 ஆகிய மரபணுக்களைப் பார்ப்பார்கள். எஃப்ஜிஎஃப்ஆர் 3 மாற்றத்தால் வரும் மூயென்கே சிண்ட்ரோம் என்றால் காது கேட்பதிலும் குறை வரலாம், முன்பே தெரிந்தால் முன்பே கவனிக்கலாம். அடுத்த குழந்தை பற்றிய கேள்விக்கும் அதில்தான் பதில் இருக்கிறது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எங்களைத் தாங்கியது ஒன்றுதான். நியூரோ, பிளாஸ்டிக் சர்ஜன், கண், காது, மரபியல், பேச்சுப் பயிற்சி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் குழு. ஒரே தையல் என்றாலும் அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போங்கள்.

பழையசுவடி:

மருத்துவ வரலாற்றில் ஆர்வமுள்ளவன், ஒரு துண்டு மட்டும். இந்த அறுவையின் தொடக்கம் மோசமானது. 1890ல் பாரிசில் லான்லாங், அடுத்து 1892ல் அமெரிக்காவின் லேன் ஆகியோர் தையலை வெட்டித் திறந்ததை எழுதினார்கள். உடனே பலரும் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் அப்போது மேசையில் படுத்த குழந்தைகளில் பலருக்குத் தையல் பிரச்சினையே இல்லை. மூளை வளராததால் தலை சிறுத்த குழந்தைகள் அவர்கள். நிறைய இறப்புகள். 1894ல் ஜேகோபி என்ற குழந்தை மருத்துவர் வெளிப்படையாகக் கண்டித்தார், அறுவை பல ஆண்டுகள் கைவிடப்பட்டது. 1960களின் இறுதியில் பிரான்சின் பால் டெசியே கண்குழியையும் மண்டையையும் சேர்த்துத் திருத்திக் காட்டிய பிறகு இந்தத் துறை பெரிதாக வளர்ந்தது. 1998ல் ஹிமெனெஸ், பரோன் இருவரும் எண்டோஸ்கோப் முறையை வெளியிட்டார்கள்.

ஸ்பெயினின் அட்டபுவெர்கா குகையில் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குழந்தையின் மண்டை ஓடு கிடைத்தது. லாம்ப்டாய்டு தையல் ஒரு பக்கம் மூடி, தலை கோணி இருந்தது. அந்தக் குழந்தை 5 வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது. யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள்.

ஆதிரை:

எனக்கு 8 மாதத்தில் திறந்த அறுவை நடந்தது. இப்போது வேலைக்குப் போகிறேன், வண்டி ஓட்டுகிறேன், நீச்சல் தெரியும். எனக்கு ஆபரேஷன் நினைவில் இல்லை, என் அம்மாவுக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கிறது.

குழந்தையிடம் மறைக்காதீர்கள், இதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு விவரம் தெரிந்தபோது தழும்பைத் தொட்டு "இது என்ன" என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் பேச்சை மாற்றினார்கள். பெரிய ரகசியம் போல இருந்தது, ஏதோ கெட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பழைய படங்களை எடுத்து வைத்து, நடந்ததை நேராகச் சொல்லியிருந்தால் அந்த வருடங்கள் லேசாக இருந்திருக்கும். தலை முடியை ஒட்ட வெட்டினால் தழும்பு தெரியும். யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன்.

கவின் அம்மா:

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சாஜிட்டல் தையல் மட்டும்தான், மற்றவை திறந்திருக்கின்றன. கண்ணின் பின்புறம் பார்த்தார்கள், வீக்கம் இல்லை. இரண்டு முறையையும் விளக்கினார்கள். கேட்க வேண்டியதை எல்லாம் கணவரே கேட்டார். எண்டோஸ்கோப் முறையும் ஹெல்மெட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம், இந்த மாதமே.

ஸ்பிரிங் வைக்கும் முறையும் உண்டு என்று ஒருவர் சொன்னார். அது என்ன? தென்றல், ஹெல்மெட் வாழ்க்கை எப்படி இருக்கும்?

தென்றல்:

நல்ல செய்தி அக்கா. ஸ்பிரிங் முறையில் எலும்பைக் கீறி, நடுவில் கம்பிச் சுருள் வைப்பார்கள், அது மெதுவாகத் தள்ளி அகலப்படுத்தும். ஹெல்மெட் தேவையில்லை, ஆனால் சில மாதம் கழித்து ஸ்பிரிங்கை எடுக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் வேண்டும். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் தொடங்கியது, எல்லா இடத்திலும் செய்வதில்லை.

உங்களுக்குச் செய்யப் போவதில் உச்சிக்குழிக்குப் பின்னால் ஒன்று, பின்தலையில் ஒன்று என இரண்டு சின்னக் கீறல்கள். கேமரா வழியாகப் பார்த்து மூடிய தையலை ஒரு பட்டையாக எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு இரவில் வீடு திரும்பலாம். உச்சியில் தொட்டால் மெத்தென்று இருக்கும், தொடவே பயமாக இருக்கும். தூக்கலாம், மாரில் சாய்க்கலாம், ஒன்றும் ஆகாது.

அப்புறம் ஹெல்மெட். ஆபரேஷன் பாதி, ஹெல்மெட் மீதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இது தலையை நெரிக்காது. முன்னும் பின்னும் இடம் விடாமல் தடுத்து, பக்கவாட்டில் காலியிடம் விட்டுச் செய்திருப்பார்கள், மூளை வளர வளர அந்தப் பக்கம் விரியும். ஒரு நாளில் 23 மணி நேரம், ஏறக்குறைய முதல் பிறந்தநாள் வரை. தலை வளர்ந்ததும் புதிது அளவெடுப்பார்கள், ஒன்றோடு முடியாது.

முதல் சில நாட்கள் வியர்த்துக் கொட்டும், பிறகு உடம்பு பழகிவிடும். தினமும் கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் தலையைக் கழுவி, ஹெல்மெட்டைத் துடைத்துக் காய வையுங்கள். தோலை வெளிச்சத்தில் பாருங்கள். கழற்றிய ஒரு மணி நேரத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை. மறையாத சிவப்பு, கொப்புளம் வந்தால் நீங்களே பஞ்சு வைத்துச் சமாளிக்காமல் ஹெல்மெட் செய்தவரிடம் போங்கள், உள்பக்கம் சீவிச் சரிசெய்வார்கள். வெளியே போனால் எல்லோரும் கேட்பார்கள். "ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தலை வளர உதவுது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கவினுக்கு ஹெல்மெட் தொந்தரவே இல்லாமல் போய்விடும். நம்மால்தான் அவன் தலையில் முத்தம் கொடுக்க முடியாது, அந்த ஒரு மணி நேரத்துக்குள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறார் நியூரோ:

முடிவுக்கு வாழ்த்துகள். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், கீறலில் சீழ் அல்லது தெளிந்த நீர் வடிதல், எழுப்பினாலும் எழாத அசதி, நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.

ஹெல்மெட் முடிந்ததும் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள், தலை அழகாக இருக்கிறது, இனி என்ன என்று. அறுவை நன்றாக நடந்த குழந்தைகளிலும் சிலருக்குப் பல வருடம் கழித்து அழுத்தம் கூடுவது உண்டு. அதனால் பள்ளி வயது வரை கண் பரிசோதனையும் தலை அளவும் தொடர வேண்டும். பேச்சு தாமதமானால் உடனே பயிற்சிக்கு அனுப்புங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, பார்வை மங்கல், நன்றாகப் படித்தவன் திடீரென்று பின்தங்குதல் என்று ஏதாவது வந்தால், "சின்ன வயதில் தலையில் ஆபரேஷன் ஆனவன்" என்பதை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். அறுவைக் குறிப்பின் நகலையும் ஸ்கேன் படங்களையும் இப்போதே கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.